வேனில் இடம் கிடைக்காத பாட்டி: நகரங்களின் ‘சோதனை ஓட்டம்’ பற்றி ஒரு பாடம்

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு ‘புதுப் போக்குவரத்துத் தொழில்நுட்பங்களை நகரங்கள் எப்படிச் சோதித்துப் பார்க்கின்றன’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்ததும் “இது பொறியியல் படிக்கிறவனுக்கு, நமக்கு எதுக்கு?” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

போன தைப்பூசத்துக்கு எங்கள் இளைஞர் பிரிவு ஓர் ஏற்பாடு செய்தது. செபராங் ஜெயாவிலிருந்து பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையம் வரைக்கும் இலவச வேன். தீவில் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை மூடிவிடுவார்கள். காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது. ஃபெர்ரியில் போனால் நிம்மதி. ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் அண்ணன் ஒருவர் தன்னுடைய இரண்டு வேன்களையும் காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை கொடுத்து உதவினார். ஒரு வேனில் 14 பேர் உட்காரலாம்.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. “நோட்டுல பேர் எழுதுறதெல்லாம் எதுக்குண்ணே? நான் டெலிகிராம்ல ஒரு பாட் செஞ்சு தர்றேன். வேணுங்கிற நேரத்தை அவங்களே அழுத்திக்கட்டும்” என்று முன்னால் போய் நின்றேன். இரண்டு இரவு உட்கார்ந்து செய்து முடித்தேன். பதிவைத் திறந்த அன்றைக்கே எல்லா இடமும் தீர்ந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

தைப்பூசத்தன்று காலை நடந்ததே வேறு. பாட்டில் பதிந்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் வயதுப் பிள்ளைகள். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று பதிந்துவிட்டு, பலர் நண்பனோடு மோட்டாரில் போய்விட்டார்கள். பால்குடம் எடுக்கிற பாட்டிமார்களுக்கு டெலிகிராம் என்றாலே என்னவென்று தெரியாது. அவர்கள் நேராக வந்து வரிசையில் நின்றார்கள். வேன் வாசலில் நின்ற தம்பி ஃபோனைப் பார்த்து, “லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே பாட்டி, புல் ஆயிருச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வேன் காலி இருக்கைகளோடு புறப்பட்டது. அடுத்த வேனும் அப்படியே.

அந்த வரிசையில் என் சொந்தப் பாட்டியும் இருந்தார். 74 வயது. 6.30 வேனுக்கு வந்தவர், மூன்று வேன் போனதைப் பார்த்துவிட்டுக் கடைசியில் பக்கத்து வீட்டு மாமாவின் காரில் ஃபெர்ரிக்குப் போனார். அவர் பால்குடத்தைத் தலையில் ஏற்றியபோது உச்சி வெயில். தார் ரோடு எப்படிக் கொதிக்கும் என்று தைப்பூசத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லடா, முருகன்கிட்ட லிஸ்ட் இல்ல. எப்ப போனாலும் பார்ப்பாரு” என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது சுருக்கென்று பட்டது.

அன்றைக்கு என் பாட் கொடுத்த அறிக்கை என்ன தெரியுமா? ‘எல்லா இடங்களும் பதிவாகிவிட்டன.’ வாசலில் நின்ற தம்பிகளை விசாரித்தபோது தெரிந்த உண்மை: மூன்றில் ஒரு இருக்கை காலி. தொழில்நுட்பம் வேலை செய்தது. சேவை தோற்றது. இந்த இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு, பெரிய நகரங்கள் இந்த மாதிரி விஷயங்களை எப்படிச் சோதிக்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முக்கியமானதை இங்கே தருகிறேன்.

சோதனை ஓட்டம் என்றால் என்ன?

நகராண்மைக்கு ஒரு புதுப் பேருந்தோ புது டிக்கெட் முறையோ வேண்டுமென்றால், வழக்கமான வழி டெண்டர். என்ன வேண்டும் என்று முதலிலேயே எழுதி, விலை கேட்டு, ஒப்பந்தம் போட்டு, பல ஆண்டுகளுக்கு வாங்குவது. சாலை விளக்குக்கும் குப்பை லாரிக்கும் இது சரி. ஆனால் இதுவரை யாருமே செய்யாத ஒன்றை வாங்கும்போது, என்ன வேண்டும் என்று முதலிலேயே எப்படி எழுதுவது?

அங்கேதான் ஸ்டார்ட்அப் எனப்படும் புதுத்தொழில் நிறுவனங்கள் வருகின்றன. அவர்களிடம் யோசனை இருக்கிறது, வேகம் இருக்கிறது. சாலை இல்லை, சட்ட அனுமதி இல்லை, பயணிகள் இல்லை. நகரத்திடம் சாலையும் சட்டமும் மக்களும் இருக்கிறார்கள், வேகம் இல்லை. அதனால் இரண்டு பேரும் சேர்ந்து, சின்ன இடத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு, குறைந்த ஆட்களோடு செய்து பார்க்கிறார்கள். அதுதான் சோதனை ஓட்டம். சில சமயம் அதற்காகச் சட்டத்தையே கொஞ்சம் தளர்த்துவார்கள். குழந்தைகள் மணல் தொட்டிக்குள் விளையாடுவது போல, வேலி போட்ட இடத்துக்குள் விளையாட விடுவதால் அதற்கு ‘சாண்ட்பாக்ஸ்’ என்று பெயர். நம் நாட்டில் சைபர்ஜெயாவில் 2020-இல் ஓட்டுநரில்லா வாகனங்களுக்கு என்றே 7 கிலோமீட்டர் சோதனைப் பாதை ஒதுக்கப்பட்டது இந்த வகைதான்.

பினாங்குக்கு இது புதிதல்ல

நம் பினாங்கு நூறு வருடத்துக்கு மேலாகவே சோதனைக்கூடம்தான். பினாங்கு மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடுவது முதல் முயற்சி இல்லை. முதல் மலை ரயிலைத் தனியார் முயற்சியில் 1900-களின் தொடக்கத்தில் கட்டினார்கள். தொழில்நுட்பக் கோளாறால் அது ஓடவே இல்லை. பிறகு மலாய் மாநில ரயில்வேயின் பொறியாளர் ஆர்னல்ட் ஜான்சன் சுவிட்சர்லாந்துக்குப் போய் அங்குள்ள மலை ரயில்களைப் பார்த்து வந்து, வேறு மாதிரி வடிவமைத்தார். அது 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டு, 1924 ஜனவரி 1-ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டிய அந்த ஏற்பாடு 2010 வரை நீடித்தது. 2011-லிருந்துதான் ஒரே பெட்டியில் உச்சிக்குப் போகிறோம்.

ஜார்ஜ் டவுன் தெருக்களும் அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டில் நீராவி டிராம். 1906-இல் மின்சார டிராம். 1925-இல் மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து டயரில் ஓடும் டிராலி பேருந்து. 1936-இல் டிராம் நின்றது. 1961-இல் டிராலி பேருந்தும் நின்றது. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தின் ‘ஸ்மார்ட்’ போக்குவரத்து. இதில் கவனிக்க வேண்டியது: முதல் மலை ரயில் தோற்றதால் மலைக்கு ரயிலே வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. எதனால் தோற்றது என்று பார்த்து, மறுபடி செய்தார்கள்.

இந்தத் தலைமுறையின் சோதனைகள் நமக்கே தெரியும். 2016 டிசம்பரில் தீவில் ‘லிங்க்பைக்’ பொது மிதிவண்டிப் பகிர்வு தொடங்கியது. 2019-இல் ‘பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங்’ ஆப் வந்தது. தீவிலும் செபராங் பிறையிலும் கார் நிறுத்தக் கட்டணத்தை ஃபோனிலேயே கட்டலாம் என்றானது. 2020-இல் மாநில அரசு ‘டிஜிட்டல் பினாங்கு’ என்ற நிறுவனத்தை அமைத்தது. இன்னும் பெரியது வந்துகொண்டிருக்கிறது: முத்தியாரா எல்ஆர்டி பாதை. சுமார் 29.5 கிலோமீட்டர். 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2031-இல் முடிப்பது இலக்கு. அது கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலுக்கு வரும்.

இங்கேதான் நமக்குக் கேள்வி. பினாங்கு சென்ட்ரல் வரைக்கும் ரயில் வந்துவிடும், சரி. அங்கிருந்து செபராங் ஜெயா தாமானில் இருக்கிற வீட்டுக்கு எப்படி வருவது? பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இருக்கிறவர்கள்? இந்தக் கடைசித் தூரத்துக்கு வழியில்லாததால்தான் நம் வீட்டில் ஆளுக்கொரு மோட்டார் நிற்கிறது. இந்த நாட்டில் ஆண்டுக்கு 6,000-க்கும் அதிகமானோர் சாலையில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். நம் தாமான்களில் மாலை போட்ட படமாகத் தொங்கும் இளைஞர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இது ஆப் பற்றிய பேச்சு மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேர்வது பற்றியது.

அழைத்தால் வரும் வேன்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அந்தக் கடைசித் தூரத்துக்கு இன்று உலகம் முழுக்கச் சோதிக்கப்படுவது ‘அழைத்தால் வரும் வேன்’. நேர அட்டவணையும் நிலையான பாதையும் கிடையாது. ஃபோனில் அழைத்தால், அதே பக்கம் போகும் நான்கைந்து பேரை ஒன்றாகச் சேர்த்து, எந்த வழியில் போகலாம் என்று கணினியே முடிவு செய்யும். நம் நாட்டிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘ரேபிட் ஆன்-டிமாண்ட்’ என்ற பெயரில் பிரசரானா நிறுவனம் இதை ஓட்டுகிறது.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். எளிதாக இருக்க நானே எண்களை வைக்கிறேன். வேன், ஓட்டுநர் சம்பளம், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 4 பேரை ஏற்றினால் தலைக்கு 10 ரிங்கிட். 10 பேரை ஏற்றினால் 4 ரிங்கிட். அப்படியானால் 10 பேரை ஏற்ற வேண்டியதுதானே? ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் போய் ஏற்ற 4 நிமிடம் என்றால், 10 பேருக்கு 40 நிமிடம். முதலில் ஏறியவர் கடுப்பாகிவிடுவார். அதனால்தான் பல நகரங்களில் வாசலுக்கு வராமல், “அந்த முனையில் வந்து நில்லுங்கள்” என்று பக்கத்து இடத்துக்கு நடக்கச் சொல்கிறார்கள். இளைஞருக்கு 200 மீட்டர் ஒன்றுமில்லை. மருத்துவமனைக்குப் போகிற பாட்டிக்கு? வேன் வாசலுக்கு வந்தால் செலவு ஏறும், முனையில் நின்றால் சிலர் ஏற முடியாது. எந்த மென்பொருளாலும் இந்த இழுபறியை முழுசாகத் தீர்க்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி 2012-இல் ‘குட்சுபிளஸ்’ என்ற பெயரில் இதைத் தொடங்கியது. மென்பொருளைத் தந்தது ஆல்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ‘அயெலோ’ என்ற சின்ன நிறுவனம். மக்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் 15 சிறு பேருந்துகள் போதவில்லை. வண்டி அதிகமானால்தான் ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்க்க முடியும், செலவும் குறையும். அதற்கு முதலில் பெரும் பணம் போட வேண்டும். நகரத்தால் முடியவில்லை. 2015 முடிவில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதோடு விடாமல், என்ன நடந்தது என்று விவரமான அறிக்கை எழுதி வெளியிட்டார்கள். பிறகு இதே வேலையைத் தொடங்கிய நகரங்கள் அதைப் படித்துப் பயனடைந்தன.

சிங்கப்பூரும் 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜூன் வரை, ஆறு மாதம், ஜூ கூன், மெரினா போன்ற பகுதிகளில் அழைத்தால் வரும் பேருந்தைச் சோதித்தது. முடிவில் தரைப் போக்குவரத்து ஆணையமே ‘செலவுக்கேற்ற பலன் இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லி நிறுத்தியது. நம்மில் எத்தனை பேர் இப்படிச் சொல்வோம்? நம் சங்கங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கினால், யாரும் வராவிட்டாலும் மாலை போட்டுப் படம் எடுத்து ‘மாபெரும் வெற்றி’ என்று போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. நானும் என் பாட்டின் அறிக்கையை முதலில் அப்படித்தான் குழுவில் போட்டேன்.

விழுந்தால் யாருக்கு அடி?

சிங்கப்பூரிலிருந்தே இன்னும் இரண்டு கதைகள். ஒன்று நல்லது, ஒன்று கசப்பு.

2016 ஆகஸ்டில் ‘நுடோனமி’ என்ற நிறுவனம் ஒன்-நார்த் பகுதியில் ஓட்டுநரில்லா டாக்சியைப் பொதுமக்களை ஏற்றிச் சோதித்தது. உலகிலேயே அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. ஆனால் எப்படிச் செய்தார்கள்? ஒரு சின்ன வட்டாரத்துக்குள் மட்டும். அழைக்கப்பட்டவர்கள் மட்டும். முன்னிருக்கையில் எந்த நேரமும் வண்டியைக் கையில் எடுக்கத் தயாராக ஒரு பொறியாளர். அந்த அக்டோபரிலேயே ஒரு கார் லாரியில் மோதியது, சிறு விபத்துதான். ஓட்டத்தை நிறுத்தி, காரணத்தைப் பார்த்து, பிறகுதான் தொடர்ந்தார்கள். 2017-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தையே திருத்தி, இப்படிப்பட்ட சோதனைக்கு விதிகள் போட்டார்கள். ஆக, விழுந்தால் பலமாக அடிபடாதபடி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் நடந்து பார்த்தார்கள்.

கசப்பான கதை ‘ஓபைக்’. நிலையமே இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் விடக்கூடிய மிதிவண்டி. 2017-இல் சிங்கப்பூரில் தொடங்கி அதே ஆண்டில் மலேசியாவுக்கும் வந்தது. நடைபாதை, வடிகால், மரத்தடி எங்கே பார்த்தாலும் மஞ்சள் வண்டி. 2018 ஜூனில் சிங்கப்பூரில் திடீரென்று கடையை மூடியது. வாடிக்கையாளர்கள் கட்டியிருந்த 49 வெள்ளி முன்பணம் சிக்கிக்கொண்டது. இத்தனைக்கும் மிதிவண்டி நல்ல வண்டிதான், யோசனையும் நல்ல யோசனைதான். முன்பணத்தைத் தனியாகப் பாதுகாத்து வைக்க வேண்டும், கைவிட்ட வண்டிகளை அகற்ற வேண்டும் என்ற விதிகள் முதலிலேயே இல்லை. விதி வந்தபோது வண்டி ஏற்கெனவே வடிகாலில் கிடந்தது.

நம் நாட்டிலும் இதே பாடம். கிராப் நிறுவனம் 2012-இல் ‘மைடெக்சி’ என்ற பெயரில் கோலாலம்பூரில் பிறந்தது. இரவில் டாக்சியில் போகும் பெண்கள் பயமில்லாமல் போகட்டும் என்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. ஆனால் ஓட்டுநருக்கு உரிமம், வண்டிக்குச் சோதனை, காப்புறுதி என்று முழுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தது 2019 ஜூலையில். கிக் தொழிலாளர்களுக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2025-இல். நடுவில் போன ஆண்டுகளில் சோதனையின் சுமையைத் தாங்கியது யார்? மழையில் உணவு கொண்டு போன நம் தம்பிமார்களும், வேலையிழந்து கார் ஓட்டிய நம் அண்ணன்மார்களும்தான். மறுபக்கம், மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று 2021 விதிகள் ஒரேயடியாகத் தடுத்தன. ஒரு பக்கம் ஏழு வருடம் விதி இல்லை, இன்னொரு பக்கம் ஒரே நாளில் தடை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழிதான் ஒழுங்கான சோதனை ஓட்டம்.

சென்னையில் நடப்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ ஆப் வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். அதைச் செய்து கொடுத்தது ‘நம்ம யாத்ரி’ ஆட்டோ ஆப்பை உருவாக்கிய குழு. மூன்று துறைகளும் தனித்தனியாக டிக்கெட் விற்ற ஊரில், ஒருங்கிணைக்க என்றே ஒரு போக்குவரத்துக் குழுமம் இருந்ததால்தான் இது முடிந்தது. நம்மிடமும் பேருந்து ஒருவரிடம், ஃபெர்ரி ஒருவரிடம், ரயில் ஒருவரிடம். யோசிக்க வேண்டிய விஷயம்.

ஐந்து கேள்விகள்

நம் ஊரில் அடுத்த சோதனை ஓட்டம் வரும்போது, கைதட்டுவதற்கு முன்பும் திட்டுவதற்கு முன்பும் கேட்க வேண்டியவை இவை. குறித்துக்கொள்ளுங்கள்.

1. இது யாருடைய சிரமத்தைத் தீர்க்கிறது? ஃபோன் உள்ளவருக்கு இன்னும் வசதி செய்து தருகிறதா, வழியே இல்லாதவருக்கு வழி காட்டுகிறதா?

2. எதை அளக்கிறார்கள்? எத்தனை பேர் பதிந்தார்கள் என்பதையா, எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையா? ஏற முடியாமல் நின்றவர்களை யாராவது எண்ணினார்களா?

3. தோற்றால் நட்டம் யாருக்கு? முன்பணம், விபத்து, ஓட்டுநரின் பிழைப்பு இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு முதல் நாளிலேயே இருக்கிறதா?

4. நாம் எங்கே போகிறோம் வருகிறோம் என்ற தகவல் யார் கையில்? நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அரசும் நிறுவனமும் கைகோத்துச் செய்கிற வேலையில், தகவலை யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேட்பது நம் உரிமை.

5. எப்போது முடியும், முடிவை யார் சொல்வார்கள்? முடிவுத் தேதியும் அறிக்கையும் இல்லாத சோதனைக்கு விளம்பரம் என்றுதான் பெயர்.

இதற்கும் நம் சமயத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறைய. தேவார வகுப்பில் படித்த அப்பர் சுவாமிகளை நினைத்துப் பாருங்கள். கையில் உழவாரம். கோயிலைச் சுற்றி அடியார் நடக்கும் வழியில் கிடந்த புல்லையும் முள்ளையும் அகற்றியதைத்தான் அவர் தொண்டாகக் கொண்டார். அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே திங்களூரில் அப்பூதி அடிகள் அவர் பெயரில் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். வழியைச் சீராக்குவதும், வழிநடப்பவரைக் காப்பதும் நம் மரபில் வழிபாடு.

தைப்பூசத்தில் தண்ணீர்மலை வரைக்கும் இருமருங்கிலும் பந்தல் போடுகிறோம் அல்லவா? அந்தப் பந்தலில் யாராவது “பதிஞ்சிருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறார்களா? தமிழர், சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி யார் வந்து கையை நீட்டினாலும் மோர் உண்டு. நான் செய்த பாட்டில் இருந்த குறை நிரல் எழுதியதில் இல்லை. பந்தல் போட வேண்டிய இடத்தில் நான் கதவு போட்டுவிட்டேன். அதுதான் குறை.

இரண்டாம் முயற்சி

தைப்பூசம் முடிந்த அடுத்த மாதம் மாசி மகம். தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பத் திருவிழாவுக்கு அதே வேன் அண்ணன் அதே இரண்டு வேன்களையும் தருவதாகச் சொன்னார். “திரும்பவும் அந்தப் பாட்டா?” என்று குழுவில் சிலர் சிரித்தார்கள். நியாயம்தான்.

இந்த முறை முதலில் போய்ப் பாட்டியிடம் உட்கார்ந்தேன். அவர் தோழிகள் நான்கு பேரையும் கூப்பிட்டு, “உங்களுக்கு எப்படி இருந்தா வசதி?” என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் அவர்கள் சொன்னது எனக்கு இரண்டு இரவு நிரலில் கிடைக்கவில்லை. ஒருவர், “ஃபோன் அடிச்சா எடுக்கிற மாதிரி ஒரு பொண்ணு பேரைக் குடு, போதும்” என்றார். இன்னொருவர், “படி ஒசரம், ஒரு முக்காலி வச்சா ஏறிடுவேன்” என்றார். முக்காலி! எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஸ்மார்ட் தொழில்நுட்பம்.

28 இடங்களில் பாதியை டெலிகிராமுக்கு விட்டோம். மீதியைத் தொலைபேசியில் அழைப்பவர்களுக்கும் நேரில் வருபவர்களுக்கும் ஒதுக்கினோம். புறப்பட ஐந்து நிமிடத்துக்கு முன் வராதவரின் இடம் வரிசையில் நிற்பவருக்கு என்று விதி வைத்தோம். வாசலில் நின்ற தங்கை மூன்று கணக்கு எழுதினாள்: பதிந்தவர், ஏறியவர், ஏற முடியாதவர். அன்றைக்கு ஏற முடியாதவர் இரண்டே பேர். அவர்களையும் ஓர் அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. திரும்பி வரும்போது இன்னொரு குறை வெளிவந்தது. தெப்பம் பார்க்கும் ஆசையில் பிள்ளைகள் நேரமானாலும் இருக்கலாம் என்றார்கள். பெரியவர்கள் சீக்கிரம் களைத்துவிட்டார்கள். இரண்டு வேனையும் ஒரே நேரத்துக்குத் திட்டமிட்டது என் தவறு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று வைத்திருக்க வேண்டும். இதையும் எழுதி, தேதி போட்டு, எங்கள் கிளையின் கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் யார் செய்தாலும் அதைப் படித்துவிட்டுத் தொடங்கட்டும்.

கடைசியாக ஒன்று. நம் இளைஞர்களில் பலர் இந்தப் புதுப் போக்குவரத்தில் ஓட்டுநராகவோ வாடிக்கையாளராகவோ மட்டும் இருக்கிறோம். பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கிற மாநிலத்தில், வடிவமைக்கிற மேசையிலும் நமக்கு ஒரு நாற்காலி இருக்க வேண்டும். மாநகர் மன்றம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போய் அந்த ஐந்து கேள்விகளைக் கேட்பதும் அந்த மேசைக்குப் போகிற வழிதான். அங்கே போய் உட்காரும் நாளில், முக்காலி கேட்ட பாட்டியை மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

கலந்துரையாட

1. உங்கள் தாமானில் கார், மோட்டார் இல்லாத ஒருவர் மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ எப்படிப் போகிறார்? ஒருவரிடம் நேரில் கேட்டு வந்து சொல்லுங்கள்.

2. நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு போக்குவரத்து ஆப்பை எடுத்து, ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எதற்குப் பதில் கிடைக்கவில்லை?

3. உங்கள் கிளை கடைசியாக நடத்திய நிகழ்ச்சியில் ‘வர முடியாதவர்கள்’ யார்? அவர்களை எண்ணியிருக்கிறீர்களா?

செய்முறை: அடுத்த திருவிழாவுக்கு ஒரு சின்னப் போக்குவரத்து உதவியைத் திட்டமிடுங்கள். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, அளக்க வேண்டிய மூன்று கணக்குகள் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள். தோல்வியாக இருந்தால் இன்னும் விவரமாக எழுதுங்கள்.